கலப்பு ரிப்பீட்டரை எந்த வலையமைப்போடு இணைப்பது? பினாங்குச் சூழலில் ஓர் ஒப்பீடு

அனலாக் எஃப்எம், டிஜிட்டல் சி4எஃப்எம் (யேசு நிறுவனத்தின் டிஜிட்டல் குரல் முறை) ஆகிய இரண்டையும் ஒரே சோடி அலைவரிசையில் வாங்கித் திரும்ப அனுப்பும் கலப்பு ரிப்பீட்டரை (உயரத்திலிருந்து பேச்சை வாங்கித் தொலைவுக்குத் திரும்ப அனுப்பும் நிலையத்தை) இணையத்தோடு இணைக்கலாம் என்ற பேச்சு பினாங்கு ஹாம் வானொலி (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலி) நண்பர்களிடையே எழும்போதெல்லாம், எந்த வலையமைப்பில் ஆட்கள் அதிகம் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அங்கிருந்து தொடங்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. இணைப்பு வந்த பிறகு இந்த ரிப்பீட்டரில் யாருடைய பேச்சு நேரம் குறையும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்கு விடை தெரிந்துவிட்டால், வலையமைப்பைத் தேர்வது பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். யேசு நிறுவனத்தின் டிஆர்-1எக்ஸ், டிஆர்-2எக்ஸ் போன்ற ரிப்பீட்டர்களைத் தானியங்கி முறையில் வைத்தால், எஃப்எம்மாக வந்தது எஃப்எம்மாகவும், சி4எஃப்எம்மாக வந்தது சி4எஃப்எம்மாகவும் வெளியே போகும். டிஜிட்டல் வானொலி வைத்திருப்பவருக்கு இதில் சிரமம் இல்லை. அவருடைய கருவி வருவது எதுவென்று தானே கண்டறிந்து மாறிக்கொள்ளும். எஃப்எம் மட்டும் உள்ள கருவியை வைத்திருப்பவருக்கோ, டிஜிட்டல் பேச்சு நடக்கும் நேரமெல்லாம் ஒரே இரைச்சல். ரிப்பீட்டர் தன் எஃப்எம் வெளியீட்டில் மட்டும் சிடிசிஎஸ்எஸ் டோனை (குரலோடு போகும் தாழ்ந்த அடையாள ஒலியை)ச் சேர்த்து அனுப்பி, கேட்பவரும் தன் கருவியில் டோன் ஸ்க்வெல்ச்சை (அந்த ஒலி வந்தால் மட்டும் ஒலிபெருக்கியைத் திறக்கும் அமைப்பை)ப் போட்டுக்கொண்டால் இரைச்சல் அடங்கிவிடும். ஆனால் அடங்கிய பிறகு வேறொரு சிக்கல் தலைகாட்டுகிறது. ஒலிபெருக்கி அமைதியாக இருப்பதால் அலைவரிசை காலியாக உள்ளது என்று நம்பி அவர் பொத்தானை அழுத்துகிறார். நடந்துகொண்டிருக்கும் டிஜிட்டல் உரையாடலின்மேல் அவருடைய குரல் போய் விழுகிறது. கருவியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசும் பழக்கம் எல்லாருக்கும் வருவதில்லை.

இணைப்பு இல்லாத ரிப்பீட்டரில் இது தாங்கக்கூடிய தொல்லைதான், ஏனெனில் டிஜிட்டல் பேச்சு என்பது அங்கே பட்டர்வொர்த்திலும் பாயான் லெப்பாஸிலும் உள்ள சிலருடைய பேச்சு மட்டுமே. அதே ரிப்பீட்டரைப் பல நாட்டார் கூடும் டிஜிட்டல் அறை (இணையவழிப் பொதுப் பேச்சு இடம்) ஒன்றில் நிரந்தரமாக இணைத்துவிட்டால், யாரோ எங்கோ பேசுவதெல்லாம் இங்கே சி4எஃப்எம்மாக ஒலித்து, நாளின் பெரும்பகுதி எஃப்எம்காரருக்கு வழி அடைபட்டுப் போகும். பிறையில் பழைய எஃப்எம் கருவியைக் காரில் பொருத்தி ஓட்டிவரும் மூத்தவரும், 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறியை (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளப் பெயரை)ப் புதிதாகப் பெற்று விலை மலிந்த கையடக்க வானொலியோடு வரும் இளைஞரும் ரிப்பீட்டரை விட்டு மெல்ல விலகிவிடுவார்கள். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கோணத்திலிருந்தே எடைபோட்டிருக்கிறேன்.

தயாரிப்பாளரின் சொந்த வழி

யேசு ரிப்பீட்டருக்கு யேசுவின் வயர்ஸ்-எக்ஸ் வலையமைப்பே இயல்பான துணை என்று பலரும் கருதுகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. எச்ஆர்ஐ-200 என்னும் இடைமுகப் பெட்டி, அதோடு சேரும் வானொலி, விண்டோஸ் கணினி ஆகிய மூன்றும் இருந்தால் நோட் (ரிப்பீட்டரை இணையத்தோடு சேர்க்கும் முனை) தயாராகிவிடும். எஃப்எம், சி4எஃப்எம் இரண்டையும் அது ஏற்கும். பயனர் தன் கருவியின் பொத்தானை அழுத்தியே அறைகளைத் தேடி மாறலாம். பேசுபவரின் அழைப்புக்குறி திரையில் தெரியும். லினக்ஸ் தெரிந்த தன்னார்வலர் ஒருவரும் இல்லாத குழுவுக்கு இது பெரிய ஆறுதல்.

மலை உச்சியில் வைத்துப் பராமரிக்கும் கண்ணோடு பார்த்தால்தான் குறைகள் தெரிகின்றன. முதலாவது, விண்டோஸ் கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தபின் அது தானாக எழுந்து, மென்பொருளைத் திறந்து, மீண்டும் அறையில் சேர வேண்டும். புதுப்பிப்புக்காகக் கணினி தன் விருப்பத்துக்கு நின்று எழும் வேளைகளும் உண்டு. இரண்டாவது, முழு நோடுக்குப் பொது ஐபி முகவரியும், ரவுட்டரில் 46100, 46110, 46112, 46114, 46120, 46122 ஆகிய யுடிபி போர்ட்டுகளை (இணையத் தரவு நுழையும் வாசல்களை)த் திறந்துவிடும் வசதியும் தேவை. கைப்பேசி வலைத் தரவை நம்பியிருக்கும் இடத்தில் பொது முகவரி பெரும்பாலும் கிடைப்பதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். போர்ட் திறக்காமலே இயங்கும் எளிய முறை ஒன்றை யேசு பின்னர் கொண்டுவந்தது. அது தனி ஒருவர் தம்மோடு எடுத்துச் செல்லும் நோடை மனத்தில் வைத்து அமைத்தது, பலர் பயன்படுத்தும் ரிப்பீட்டருக்கு ஏற்றதன்று. மூன்றாவது குறையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வயர்ஸ்-எக்ஸ் மூடிய அமைப்பு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து, நம் தேவைக்கேற்ப எஃப்எம்முக்கு முன்னுரிமை தரும்படி அதை மாற்றிக்கொள்ள வழியில்லை.

டிஆர்-2எக்ஸ் வைத்திருப்பவர்கள் லான்-01 அட்டையைப் போட்டுக் கணினியே இல்லாமல் ரிப்பீட்டரையும் ரிப்பீட்டரையும் ஐபி வழி இணைக்கலாம். இணையப்போகும் எல்லா இடத்திலும் அதே மாடல் இருந்தால் மட்டுமே இது பயன்படும் என்பதால், பல குழுக்களிடம் பல வகைக் கருவிகள் உள்ள வட மலேசியாவுக்கு இதைப் பரிசீலிக்க வேண்டியதில்லை.

அனலாக்கை மையமாக வைக்கும் வழிகள்

எக்கோலிங்க், ஆல்ஸ்டார்லிங்க், எஸ்விஎக்ஸ்லிங்க் ஆகிய மூன்றும் ஒலியை ஒலியாகவே கொண்டுபோகின்றன. ரிப்பீட்டரின் பின்புறத்தில் உள்ள இணைப்பியிலிருந்து ஒலி, ஸ்க்வெல்ச் குறிப்பு (பேச்சு வருவதைக் காட்டும் சமிக்ஞை), அனுப்பு கட்டளை ஆகிய மூன்று கம்பிகளை எடுத்து, ராஸ்ப்பெரி பை என்னும் சிறு கணினியில் செருகிய யுஎஸ்பி ஒலி அட்டையோடு சேர்த்துவிட்டால் வன்பொருள் வேலை முடிந்தது.

மூன்றிலும் எக்கோலிங்க்தான் மக்களுக்கு மிகவும் பழக்கமானது. 2002ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் இந்த அமைப்பில், வேலைக்காகச் சிங்கப்பூரிலோ வேறெங்கோ தங்கியிருக்கும் பினாங்குக்காரர் தம் கைப்பேசியிலிருந்தே ஊர் ரிப்பீட்டரில் பேசலாம். அழைப்புக்குறியைச் சரிபார்த்த பின்பே அனுமதிப்பதால் உரிமம் இல்லாதவர் நுழைவதற்கும் தடை இருக்கிறது. ஆனால் ஒலி விநாடிக்கு 13 கிலோபிட் அளவுக்கு இறுகச் சுருக்கப்படுவதால் குரல் சற்று அடைத்தாற்போல ஒலிக்கும். யுடிபி 5198, 5199, டிசிபி 5200 ஆகிய போர்ட்டுகளைத் திறக்கவும் வேண்டும். முடியாவிட்டால் இடையில் நிற்கும் ப்ராக்ஸி கணினி வழியே போக வேண்டும். கைப்பேசி ஆட்களை அறவே விலக்கி, வானொலியில் பேசுபவர்களுக்கு மட்டுமே இடந்தரும் ஐஆர்எல்பி என்னும் இன்னொரு வலையமைப்பு 1997இலேயே தொடங்கியது. இன்று புதிதாக ஒரு நோட் அமைப்பவருக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் காரணம் ஏதும் எனக்குத் தோன்றவில்லை.

ஆல்ஸ்டார்லிங்க் வேறு வகை. ஆஸ்டெரிஸ்க் என்னும் தொலைபேசி மென்பொருளின்மேல் கட்டிய முழுமையான ரிப்பீட்டர் கட்டுப்பாட்டகமாக அது இயங்குகிறது: நேரக் கட்டுப்பாடு, அழைப்புக்குறி அறிவிப்பு, டிடிஎம்எஃப் கட்டளை (கருவியின் எண்பொத்தான் ஒலியால் தரும் கட்டளை), குறித்த நேரத்தில் தானே இணைந்து தானே விலகுதல் எல்லாம் அதிலேயே உண்டு. சாதாரணமாக 64 கிலோபிட் ஒலியை அனுப்புவதால், இரு முனையிலும் அளவு சரியாக இருந்தால் உள்ளூர் எஃப்எம்முக்கும் இணைப்பில் வரும் குரலுக்கும் வேறுபாடு காண்பது கடினம். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு யுடிபி 4569 திறந்திருக்க வேண்டும். நம் நோடிலிருந்து நாமே வெளியே போய் ஒரு மைய நோடில் சேர்வதற்கு அதுவும் தேவையில்லை. எஸ்விஎக்ஸ்லிங்க் ஐரோப்பியக் குழுக்களிடம் வேரூன்றியது. எக்கோலிங்க் அதற்குள்ளேயே ஒரு கூறாக இருக்கிறது, ஓபஸ் முறையில் ஒலியைச் சுருக்குவதால் தரவும் குறைவு. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தவறில்லை. நம் வட்டாரத்தில் உதவி கேட்க ஆள் எதற்கு இருக்கிறாரோ அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கலப்பு ரிப்பீட்டரில் இந்த அனலாக் வழியைப் போடும்போது கம்பி ஒன்றில் தனிக் கவனம் வேண்டும். ஸ்க்வெல்ச் திறந்தது என்று ரிப்பீட்டர் காட்டும் குறிப்பு, அலை வந்ததும் எழும் குறிப்பாக இருந்தால், டிஜிட்டல் அலை வந்தாலும் அது எழும். விளைவாக, சி4எஃப்எம்மின் இரைச்சல் முழு வலையமைப்புக்கும் போய், இணைந்துள்ள எல்லா ரிப்பீட்டரிலும் கொட்டும். அதனால் அலையைக் கண்டு எழும் குறிப்பை விட்டுவிட்டு, சிடிசிஎஸ்எஸ் டோனைக் கண்டு எழும் குறிப்பையே ஒலி அட்டையோடு இணைக்க வேண்டும். அப்படியொரு முனை ரிப்பீட்டரில் இல்லையென்றால் டோனைக் கண்டறியும் வேலையை மென்பொருளிடம் விட வேண்டும். டிஜிட்டல் அலையில் டோன் இல்லை, ஆகவே அது வலையமைப்புக்குள் நுழையாது. இந்த ஒரு கம்பியைச் சரியாகப் போடாத குழுவை மற்ற ரிப்பீட்டர்க்காரர்கள் ஒரே மாலையில் வெளியேற்றிவிடுவார்கள்.

வெளியீட்டை எஃப்எம்மில் நிலையாகப் பூட்டிவிடுவது இதனோடு சேர்ந்த ஒரு துணைவழி. அப்போது சி4எஃப்எம்மாக வருவதையும் ரிப்பீட்டரே குரலாக மாற்றி எஃப்எம்மாக வெளியே விடும். எஃப்எம்காரர் எவரும் எதையும் இழக்கமாட்டார். டிஜிட்டல் பயனர்தான் கேட்கும் திசையில் அழைப்புக்குறிக் காட்சியையும், விளிம்புப் பகுதிகளில் டிஜிட்டல் தரும் தெளிவையும் விட்டுக்கொடுக்கிறார். டிஜிட்டல் கருவி வைத்திருப்பவர்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் இருக்கும் குழுவுக்கு இதைவிட நேர்மையான தீர்வு இல்லை. அவ்வாறு மாற்றிய குரல் பின்புற இணைப்பியிலும் வருகிறதா என்பதை மட்டும், ரிப்பீட்டரை மலைக்குக் கொண்டுபோகும் முன் மேசையிலேயே சோதித்துவிட வேண்டும்.

எம்எம்டிவிஎம் பலகை

மூன்றாவது வழி, ரிப்பீட்டரின் சொந்த மூளையை ஒதுக்கிவிட்டு, அதை வெறும் வாங்கியும் அனுப்பியுமாக வைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டை எம்எம்டிவிஎம் என்னும் மோடம் பலகையிடம் ஒப்படைப்பது. பிரிட்டனைச் சேர்ந்த ஜொனாத்தன் நெய்லர் எழுதிப் பொதுவில் வைத்த இதன் மென்பொருள், டி-ஸ்டார், டிஎம்ஆர், சி4எஃப்எம், பி25, என்எக்ஸ்டிஎன் ஆகிய டிஜிட்டல் குரல் முறைகளை ஒரே பலகையில் கையாள்கிறது. 2020இல் எஃப்எம்மும் சேர்ந்தது. கலப்பு ரிப்பீட்டருக்கு இது உண்மையான திருப்பம் என்பேன், ஏனெனில் எஃப்எம்முக்கும் டிஜிட்டலுக்கும் இடையே யார் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை முதன்முறையாக நாமே எண்களால் தீர்மானிக்க முடிகிறது.

அந்த எண்களில் இரண்டை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் வானொலியில் பேசி முடித்த பிறகு ரிப்பீட்டர் அதே முறையில் எத்தனை விநாடி பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது ஒன்று. வலையமைப்பிலிருந்து வந்த பேச்சுக்குப் பிறகு எத்தனை விநாடி என்பது மற்றொன்று. இரண்டாவதை மூன்று விநாடி அளவுக்குக் குறுக்கி வைத்தால், வெளிநாட்டுப் பேச்சு நின்ற உடனேயே எஃப்எம்காரர் உள்ளே வரலாம். அதை இருபது விநாடியாக விட்டுவைத்தால், அடுத்த வெளிநாட்டுக்காரர் பேசத் தொடங்கும் வரை கதவு அடைத்தே இருக்கும். எம்எம்டிவிஎம்மின் வலைத்தொடர்பு நம்மிடமிருந்து வெளியே போகும் திசையிலேயே தொடங்குவதால், பொது முகவரி இல்லாத கைப்பேசித் தரவிலும் சிக்கலின்றி வேலை செய்கிறது.

விலை வேறு விதத்தில் வருகிறது. தனி ஒருவர் பயன்பாட்டுக்காகக் கடையில் விற்கும் சிறிய ஹாட்ஸ்பாட் பலகை இதற்கு உதவாது. அதில் உள்ள சில்லு டிஜிட்டலை மட்டுமே அறியும். எஸ்டிஎம்32 வகை நுண்செயலி உள்ள ரிப்பீட்டர் பலகை வேண்டும். வாங்கியிலிருந்து வடிகட்டாத ஒலியை எடுக்க வேண்டும். பேச்சுக்காகத் தாழ்ந்த சுருதியை வெட்டிய ஒலியைக் கொடுத்தால் டிஜிட்டல் குறிகள் உருக்குலைந்துவிடும். அனுப்பும் அளவு, வாங்கும் அளவு, டிவியேஷன் (ஒலிக்கேற்ப அலை விரியும் அகலம்), அலைவரிசை விலகல் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிசெய்து, பிட் பிழை விகிதம் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை பொறுமையோடு உட்கார வேண்டியிருக்கும். மலை ஏறிய பிறகு செய்யும் வேலை அல்ல இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலகை பல முறைகளை அறியும் என்பதற்காக அனைத்தையும் திறந்துவிடும் ஆசை பலருக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் மற்ற முறைக்காரர்களின் நேரத்திலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. எஃப்எம், சி4எஃப்எம் இரண்டும் போதும். டிஎம்ஆர் கேட்போர் பலர் இருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். வணிகத் துறைக்கு என்று செய்த டிஎம்ஆர் ரிப்பீட்டர்களை இரண்டாம் கையில் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: சில மாடல்களில் கலப்பு முறையைப் போட்டவுடன் ஐபி இணைப்பு வசதி கைவிட்டுப் போகும். வாங்கும் முன்பே கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

குரல் மாற்றம் எங்கே நடக்க வேண்டும்

எஃப்எம்காரரும் டிஜிட்டல்காரரும் இணைப்பின் வழியே ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும் என்றால், எங்கோ ஓரிடத்தில் குரல் டிஜிட்டலாகவும் டிஜிட்டல் குரலாகவும் மாறியாக வேண்டும். சி4எஃப்எம்மின் வழக்கமான டிஎன் முறைக்கும் டிஎம்ஆருக்கும் குரல் சுருக்கம் ஒன்றே, ஏஎம்பிஇ+2. அதனால் அவை இரண்டுக்கும் இடையே பாலம் போடுவது பொட்டலத்தை அவிழ்த்து வேறு உறையில் போடுவதோடு முடிந்துவிடும், குரலின் தரம் குறையாது. டி-ஸ்டாரின் சுருக்கம் வேறு. எஃப்எம்மிலோ சுருக்கமே இல்லை. இவ்விரண்டையும் சேர்க்க ஏஎம்பிஇ சில்லு உள்ள யுஎஸ்பி கருவி பொதுவாகத் தேவைப்படும். டிவிஸ்விட்ச் மென்பொருள், இந்தக் கருவியின் உதவியோடு, ஆல்ஸ்டார் நோடையும் டிஜிட்டல் ரிஃப்ளெக்டரையும் (பல ரிப்பீட்டர்கள் கூடும் இணைய மையத்தையும்) இணைத்துவைக்கிறது.

ஏஎம்பிஇ மனிதக் குரலை மட்டுமே மனத்தில் வைத்து அமைந்த சுருக்கம் என்பது இங்கே நமக்கு முக்கியம். தைப்பூச நாளில் தண்ணீர்மலைப் படியடியில் நின்று ஒரு தன்னார்வலர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் உறுமி மேளம், பந்தல் ஒலிபெருக்கி, பக்தர்களின் ஆரவாரம். எஃப்எம்மில் இந்தச் சத்தமெல்லாம் அப்படியே வரும், ஆனாலும் பேசுபவரின் சொல்லைக் காது பிரித்தெடுத்துவிடும். ஏஎம்பிஇயில் மேளத்தையும் குரலாக எண்ணி மென்பொருள் மாவரைக்கத் தொடங்கும். சொல்லும் அதோடு சேர்ந்து அரைபட்டுப் போகும். அதே ஒலி பாலத்தில் மறுபடி ஒருமுறை சுருங்கி விரிந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். ஒலிவாங்கியை வாயருகே பிடித்துத் தாழ்ந்த குரலில் பேசுவது ஓரளவு உதவும். கூட்டம் கூடும் நிகழ்ச்சிக்கு எஃப்எம்மே நம்பகமானது என்ற என் கருத்துக்கு இதுவே அடிப்படை. இணைப்பைத் திட்டமிடும்போது எஃப்எம்மை இரண்டாந்தரமாக நடத்தக் கூடாது என்று நான் வலியுறுத்துவதும் இதனால்தான்.

பாலம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை: மலையில் அல்ல, ஊருக்குள். சில்லுக் கருவி சூடேறி நின்றாலோ, ஒலி அளவு பொருந்தாமல் எஃப்எம் பக்கம் முணுமுணுப்பாகவும் டிஜிட்டல் பக்கம் அலறலாகவும் கேட்டாலோ, உடனே கைவைக்கக்கூடிய இடத்தில் அது இருக்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் ஒருவருடைய வீட்டில் ஃபைபர் இணைப்போடு ஒரு சிறு கணினி இருந்தால் போதும். அதோடு, இரு வலையமைப்புகளுக்கும் நடுவே ஒரே ஒரு பாலம்தான் இருக்கலாம். இரண்டு குழுக்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இரண்டு பாலம் போட்டுவிட்டால், ஒரு பேச்சு இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வந்து எல்லா ரிப்பீட்டரையும் முடக்கிவிடும்.

தரவின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் அச்சப்பட ஒன்றுமில்லை. ஆல்ஸ்டாரின் 64 கிலோபிட் ஒலி, பொட்டலத் தலைப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 77 கிலோபிட் ஆகிறது. பேச்சு இடைவிடாமல் ஓடும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் சுமார் 35 மெகாபைட். சி4எஃப்எம் வலைப்பொட்டலம் 155 பைட், விநாடிக்குப் பத்து. தலைப்புகளோடு மணிக்கு 7 மெகாபைட்டைத் தொடாது. சாதாரண 4ஜி மோடம் இரண்டையும் எளிதில் தாங்கும். தரவைவிடத் தாமதமும், விட்டுவிட்டு அறுவதுமே கவலைக்குரியவை.

கொடிமலையும் ஜெராய் மலையும்

இணையமே இல்லாமல் ரிப்பீட்டர்களை வானொலியாலேயே இணைக்கும் பழைய வழியை இந்தப் பட்டியலிலிருந்து விட்டுவிடக் கூடாது. பினாங்கின் கொடிமலையின் உயர்ந்த பகுதி 800 மீட்டருக்கு மேல். கெடாவின் ஜெராய் மலை 1,217 மீட்டர். இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி கடலும் தாழ்நிலமும். 435 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தொலைவுக்கான வெளி இழப்பு சுமார் 118 டெசிபல். இரு முனையிலும் 10 டெசிபல் ஆதாயமுள்ள யாகி ஆன்டெனா, 10 வாட், கம்பியில் போகும் சிறு இழப்பு என்று கணக்கிட்டால், மறுமுனையில் வாங்கும் அளவு எஃப்எம் கருவி தெளிவாகக் கேட்கத் தேவைப்படுவதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகமாக இருக்கும்.

2017 நவம்பர் 4ஆம் நாள் இரவு பெய்த மழையிலும் அடித்த காற்றிலும் பினாங்கு எப்படி மூழ்கிக் கிடந்தது என்பதை இங்கிருக்கும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதுபோன்ற இரவில் இணையத்தை நம்பும் இணைப்பு எதுவாயினும் நம்மோடு சேர்ந்து படுத்துவிடும். மின்கலத்தில் ஓடும் வானொலி இணைப்பு தொடர்ந்து இயங்க வாய்ப்பு அதிகம். ஆனால் இரு மலைகளிலும் கோபுர இடம், கூடுதல் அலைவரிசைக்கு மலேசியத் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் ஒதுக்கீடு, இன்னொரு வானொலி, இன்னொரு வடிகட்டி, இடி தாங்கும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். செலவும் உழைப்பும் மிகுந்த இந்த வழி முதல் ஆண்டுக்கானது அல்ல. இணைய இணைப்பு நிலைபெற்ற பிறகு, அதற்குத் துணையாக இதைச் சேர்க்கலாம்.

எதைத் தேர்வது

குழுவில் பெரும்பாலோர் யேசு டிஜிட்டல் கருவி வைத்திருந்து, ரிப்பீட்டர் இருக்கும் இடத்தில் பொது முகவரியுள்ள நிலையான இணைப்பும் இருந்தால், வயர்ஸ்-எக்ஸ் நல்ல முடிவுதான். பெரிய அறைகளில் நிரந்தரமாக உட்காராமல், அழைத்தபோது இணைந்து, பேச்சு நின்ற சில நிமிடத்தில் விலகும்படி அதை அமைக்க வேண்டும். டிஜிட்டல் பயனர்கள் மிகச் சிலரே என்றால் வெளியீட்டை எஃப்எம்மில் பூட்டி, ஆல்ஸ்டாரையோ எஸ்விஎக்ஸ்லிங்க்கையோ போட்டு, எக்கோலிங்க்கைக் கூடுதல் வாசலாக வைத்துக்கொள்வதே சாலச் சிறந்தது.

பினாங்கின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதாகவே நான் காண்கிறேன். எஃப்எம்காரர் அதிகம், டிஜிட்டல்காரரும் ஒதுக்கிவிடக்கூடிய அளவில் இல்லை. ஆகவே என் பரிந்துரை எம்எம்டிவிஎம் பலகைதான், அதுவும் எஃப்எம், சி4எஃப்எம் இரண்டை மட்டும் திறந்துவைத்து. எஃப்எம் பக்கத்தை ஊருக்குள் இருக்கும் ஆல்ஸ்டார் நோடுக்கு அனுப்பலாம்; எம்எம்டிவிஎம்மின் எஃப்எம் வலைத்தொடர்பு அதற்கான யுஎஸ்ஆர்பி என்னும் ஒலி அனுப்பும் முறையை அறியும். சி4எஃப்எம் பக்கத்தை உலக அறைகளில் சேர்க்காமல், வட மாநிலங்களுக்கென்று நாமே நடத்தும் சிறிய ஒய்எஸ்எஃப் (சி4எஃப்எம்முக்கான) ரிஃப்ளெக்டரில் வைக்கலாம். இரண்டுக்கும் இடையே குரல் பாலம் ஊருக்குள் இருக்கும். வார வலைக்கூட்டத்தின்போதும் தேவைப்படும் நேரத்திலும் மட்டும் திறக்கும். மலேசிய டிஎம்ஆர் நண்பர்களோடு பேச பிராண்ட்மைஸ்டர் என்னும் டிஎம்ஆர் வலையமைப்பின் 502ஆம் டாக் குரூப்பை (பேச்சுக் குழுவை) அந்த ரிஃப்ளெக்டரின் பக்கமிருந்தே, குரலை மாற்றாமல், எட்டிப் பிடிக்கலாம். இந்த ஏற்பாட்டில் மலையில் இருப்பது ஒரு பலகையும் ஒரு சிறு கணினியும் மட்டும். மற்ற அனைத்தும் கீழே.

வேலையைத் தொடங்கும் முன் ரிப்பீட்டர் உரிமத்தின் நிபந்தனைகளை எடுத்து வைத்து, இணையவழி இணைப்பு, தொலைவிலிருந்து இயக்குதல், அழைப்புக்குறி அறிவிப்பு ஆகியவை பற்றி எம்சிஎம்சியிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிட வேண்டும். 1952 முதல் இயங்கும் மார்ட்ஸ் என்னும் மலேசிய ஹாம் வானொலிச் சங்கத்திடமும் கலந்துபேசுவது நல்லது. அண்டை ரிப்பீட்டர்களோடு இணைப்பு மோதாமல் இருக்க அது உதவும். எம்எம்டிவிஎம்மை இயக்கும் பை-ஸ்டார் மென்பொருள் தொகுப்பைப் போட்டிருந்தால் அதன் பழைய கடவுச்சொல்லான ராஸ்ப்பெரி என்பதை முதல் நாளே மாற்றிவிடுங்கள்; அது உலகமே அறிந்த சொல். பை-ஸ்டார் நினைவட்டையில் எழுதாமல் படித்துமட்டும் ஓடுவதால், மின்சாரம் திடீரென்று போனாலும் அட்டை கெடுவது அரிது. வேறு மென்பொருள் போடுகிறவர்கள் அதே ஏற்பாட்டைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். இடி அதிகமுள்ள நம் மலைகளில் ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவே செப்புக் கம்பிக்குப் பதில் சிறு துண்டு ஃபைபரை ஓடவிடுவது, மோடம் அடிபட்டாலும் ரிப்பீட்டரைக் காப்பாற்றும்.

மலைக்குக் கொண்டுபோகும் முன் மேசைமேல் கடைசியாக மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். வலைக் கம்பியைப் பிடுங்கிவிட்டு உள்ளூர் எஃப்எம்மும் சி4எஃப்எம்மும் முன்போலவே ஓடுகின்றனவா என்று பார்ப்பது முதலாவது. வலையமைப்பிலிருந்து பேச்சு வந்துகொண்டிருக்கும்போது, கட்டுப்பாட்டாளர் தம் கையடக்க வானொலியில் டிடிஎம்எஃப் எண்களை அழுத்தி இணைப்பைத் துண்டிக்க முடிகிறதா என்பது இரண்டாவது. டோன் போட்ட பழைய எஃப்எம் கருவி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, டிஜிட்டல் பேச்சு முழுவதும் அது அமைதியாக இருந்து, பேச்சு முடிந்த மூன்றாவது விநாடிக்குள் எஃப்எம்காரரின் அழைப்பு உள்ளே போகிறதா என்பது மூன்றாவது. ரிப்பீட்டர் மேலே ஏறிய பிறகு முதல் மாதப் பதிவுக் கோப்பை எடுத்து, வலையமைப்பிலிருந்து வந்த டிஜிட்டல் பேச்சு மொத்தம் எத்தனை மணி நேரம், உள்ளூர் எஃப்எம் பேச்சு எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். இணைப்பு இல்லாத முந்திய மாதத்தைவிட எஃப்எம் நேரம் குறைந்திருந்தால், ரிஃப்ளெக்டர் இணைப்பை நிரந்தர நிலையிலிருந்து அழைத்தால் மட்டும் சேரும் நிலைக்கு மாற்றிவிட்டு, அடுத்த மாதப் பதிவையும் அதேபோல் கூட்டிப் பார்க்க வேண்டும்.